கற்பூரத்தை அணைத்த புத்தகம்

பூசாரி சுப்பையனின் மொபெட்டுக்கு இரண்டு மாதமாகப் பிரேக் பிடிக்கவில்லை. இறக்கம் வந்தால் செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை முடித்துக் கிளம்பியவர், முதல் இறக்கத்தில் பழக்க தோஷமாகப் பிரேக்கையும் அழுத்தினார். வண்டி அங்கேயே நின்றது. இறங்கிப் பார்த்தார். பிரேக் கம்பி புதுசு. கைப்பிடியில் கிரீஸ் ஒட்டிய கட்டைவிரல் ரேகை ஒன்று. சாமி செய்திருந்தால் கிரீஸ் இருக்காது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் திருநீறு வாங்க நீண்ட கைகளில் ஒன்றின் நகக்கண் கறுத்திருந்தது. சென்னம்மாளின் கை. அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அந்தச் சென்னம்மாள் போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஐம்பது வயசுதான். புருசன் ஜீப் ஓட்டிய பத்து வருசமும் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள். அவன் போன பிறகு ஸ்பேனர் அவள் கையிலேயே நின்றுவிட்டது. பழைய ஜீப்பை ஓட்ட முடிந்தமட்டும் ஓட்டிவிட்டு, புதிதாக ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினாள். ஊர்க் கிழங்கெல்லாம் அதில்தான் மலையிலிருந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கும். மரவள்ளி பிடுங்கிய மூன்றாம் நாள் உள்ளே கறுத்துவிடும். அது யாருக்காகவும் காத்திருக்காது.

வண்டி கொடுத்த ஷோரூம் கீழே டவுனில் இருந்தது. வாங்குகிற நாளில் மாலை, லட்டு, போட்டோ எல்லாம் உண்டு. பழுதென்று போகிற நாளில் குடிக்கத் தண்ணீர் தரமாட்டார்கள். கடவுள் அங்கே இருப்பவர்களுக்கும் இரண்டிரண்டு கை கொடுத்திருக்கிறார். எதற்கென்றுதான் சுப்பையனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

முதல் இலவச சர்வீசுக்கு அவள் ஒழுங்காகத்தான் போனாள். எழுபது வளைவு இறங்கி, பகல் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வண்டியைக் கழுவி, வாசனை அடித்துக் கொடுத்தார்கள். புத்தகத்தில் பிரேக், சக்கரம் எல்லாம் பார்த்தாயிற்று என்று ஊதா முத்திரை. அடிவாரத்துக் காரவள்ளியில் மலையேறுமுன் வழக்கம்போல நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டாள். ஒரு நட்டு விரலுக்கே சுழன்றது. சாலையோரமாகச் சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே பழைய தூசி அப்படியே உட்கார்ந்திருந்தது, ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. முத்திரை குத்தியவன் கை ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவள் சர்வீசுக்கு இறங்கவே இல்லை. கம்பெனி எண்ணெயைக் கம்பெனி டப்பாவில் பில்லோடு வாங்கி, கோயில் எதிரே நிறுத்தித் தானே மாற்றுவாள். கிழிந்த சேலையை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தால் கால் மட்டும்தான் வெளியே தெரியும். வாரண்டி போய்விடும் என்று சிலர் பயம் காட்டினார்கள். சர்வீசுக்கென்று இறங்கி ஏறுவதிலேயே பிரேக் பாதி தேய்ந்துவிடுகிறது, அதை இலவசம் என்று சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும் என்பாள்.

பதினாலாம் மாதம், கிழங்கு ஏற்றி வரும்போது இரண்டாம் கியர் கடகடவென்று அரைத்து நின்றுபோனது. லாரியில் ஏற்றி வண்டியை ஷோரூமுக்கு அனுப்பினாள். வாரண்டி மூன்று வருசம். அது இல்லையென்றால் மிளகுக் கொடி படர்ந்த அரை ஏக்கரை விற்றுத்தான் புதுக் கியர்பாக்ஸ் வாங்க வேண்டும். அவளுக்கு இருந்ததே அந்த அரை ஏக்கர்தான்.

அங்கே மேனேஜர் பூபதி. அந்த ஊதா முத்திரையைக் குத்தியவனும் அவன்தான். பேளுக்குறிச்சிக்காரன், சட்டை மடிப்புக் கலையாதவன். புத்தகத்தைப் புரட்டி, ஒரு முத்திரைக்குப் பிறகு பக்கமெல்லாம் வெறுமை என்றான். அவள் பில்லுகளை எடுத்து வைத்தாள்.

"இது எண்ணெய் வாங்குனதுக்குப் பில்லும்மா. ஊத்துனதுக்கு எங்க?"

"ஏனுங்க, குடிக்கவா வாங்குவாங்க?" என்றாள் அவள்.

அவன் சிரிக்கக்கூட இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மலைக்குத் திரும்பியவள் நேராகச் சுப்பையனிடம் வந்தாள். மலையில் ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும், காகிதம் தேடமாட்டார்கள். கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். தன் சொல்லைச் சொல்லிவிட்டுக் கையால் அடித்து அணைத்தால் தீர்ந்தது. பொய்யென்றால் அதைச் சாமி பார்த்துக்கொள்ளும். அதைத்தான் ஷோரூமில் செய்யப்போவதாகச் சொன்னாள். சுப்பையன் கற்பூரத்தை மலையை விட்டு இறக்கியதே இல்லை. ஆனாலும் கீழே இருப்பவனும் இதே சாமிக்குத்தானே கிடா வெட்ட வருகிறான் என்று யோசித்து, தட்டை மஞ்சள் பைக்குள் வைத்தார். அவள் எண்ணெய் மாற்றியதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர்.

கண்ணாடி மேசைமேல் தட்டை வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். வண்டி வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். காவலாளி பதறினான். சென்னம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாய் திறக்குமுன் பூபதி அறையிலிருந்து வந்துவிட்டான். இது கோயிலா கடையா என்று கத்தினான்.

"இந்தம்மா எண்ணெயே மாத்துல. அதனாலதான் கியரு போச்சு" என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த அவளுடைய சர்வீஸ் புத்தகத்தால் தட்டின்மேல் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

கற்பூரம் அணைந்தது.

புத்தகத்தின் அட்டையில் கரி வட்டமாகப் பதிந்திருந்தது. சுப்பையன் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லதுங்க. சொல்லையும் சொல்லிட்டீங்க, கற்பூரத்தையும் அணைச்சிட்டீங்க. சத்தியம் இப்ப உங்களோடதுங்க. பொய்யா இருந்தா நீங்கதான் பதில் சொல்லோணும்."

பூபதி சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. காவலாளி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். மெக்கானிக் கார்த்தி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். பூபதியின் கை தானாகச் சட்டைக்குள் போய்த் தாயத்தைத் தேடியது. பார்க்காத பிரேக்குக்கு முத்திரை குத்த அஞ்சாதவன், ஒரு கட்டிக் கற்பூரத்துக்கு வேர்க்கிறானே என்று சுப்பையனுக்கு அருவருப்பாக இருந்தது. இப்படிப்பட்ட பக்தியை எந்தச் சாமி வாங்கிக்கொள்ளும்?

"கியர்பாக்ஸ அவுறுங்கடா" என்றான் பூபதி, யார் முகத்தையும் பார்க்காமல்.

சென்னம்மாள் பக்கத்திலேயே நின்றாள். உள்ளிருந்து இறங்கிய எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது; மாற்றாத எண்ணெய் என்றால் கறுத்திருக்கும். கார்த்தி உடைந்த பல்லை வெளிச்சத்தில் பிடித்தான். உடைப்புக்கு நடுவே, வார்ப்பிலேயே விழுந்த எள்ளளவு பொத்தல்.

"இது எண்ணெய்ல போனது இல்லீங்க. பொறப்புலயே நோவு" என்றான்.

கம்பெனி புதுக் கியர்பாக்ஸ் அனுப்பியது. அரை ஏக்கர் தப்பித்தது. பூபதி மெதுவாகச் சுப்பையன் பக்கம் வந்து, பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் கேட்டான். கிடா வெட்டுகிறேன், மணி வாங்கி வைக்கிறேன் என்றான். சுப்பையன் பதில் சொல்லுமுன் சென்னம்மாள் புத்தகத்தை நீட்டினாள். சாமிக்கு மணி வேண்டாம், பொய்யாக முத்திரை குத்திய பக்கத்தைக் கிழித்தால் போதும் என்றாள். கிழித்தான். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் அட்டையில் பதிந்த கரி வட்டம் ஒன்றுதான்.

அந்த வண்டி அவள் இருந்தவரை ஓடியது. அந்தக் கியர்பாக்ஸுக்குப் பிறகு வேறொருவர் கை அதில் படவில்லை.

அவள் இருந்தபோதே சுப்பையனுக்கு முட்டி வலி முற்றி, பேளுக்குறிச்சியில் இருக்கும் மகள் சுசித்ரா வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பெட்டியையும் மொபெட்டையும் சென்னம்மாள்தான் தன் வண்டியில் ஏற்றி இறக்கினாள். ஒரு வளைவிலும் வண்டி திடுக்கென்று நிற்கவில்லை. மகள் வீட்டு வாசலில் மொபெட்டை இறக்கி, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணா, நான் போட்டுக் குடுத்த கம்பி இன்னொரு வருசத்துக்கு மேல தாங்காதுங்க. தளந்துச்சுன்னா இங்க எவங்கிட்டயும் உட்றாதீங்க, பளபளன்னு கழுவித்தான் குடுப்பானுங்க. எனக்குச் சொல்லி உடுங்க, நானே எறங்கி வாரேன்."