லாடத் தழும்பின் மேல் ஓர் எண்

‘பொருளின் இனத்தை அறிய உதவும் அடையாளம் எதுவும் மறையாத இடத்தில் பதிவெண்ணை எழுத வேண்டும்.’ எங்கள் கல்லூரிக் காட்சிக்கூடப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருந்த விதி இது. தட்டச்சு செய்து அங்கே ஒட்டியவன் நான்தான். அது மீறப்பட்டதற்கான சான்று இப்போது என் மேசைமேல், ஒரு தீப்பெட்டிக்குள், பஞ்சில் கிடக்கிறது: கட்டைவிரல் நகமளவில், சுருளே இல்லாமல் குல்லாய்போல் குவிந்து, கல்லாகிப்போன ஒரு கடல்நத்தை ஓடு.

கொண்டுவந்தவர் நிலவியல் விரிவுரையாளர். ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே, கரிசலுக்கு அடியில் கிணறு வெட்டிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கல்லிலிருந்து பெயர்த்தெடுத்தாராம். ஓய்வுபெறுமுன் அது இன்ன இனம் என்று சொல்லிவிட வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. சென்னையிலிருந்த நிபுணருக்கு அனுப்பத் தீர்மானித்தார். பதிவெண் இல்லாத பொருள் கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் என்னிடம் வந்தது. வெளிப்புறத்து வரிகள்தாம் முக்கியம் என்று நானே முடிவுசெய்து, உட்புறத்தில் வெள்ளைப் பூச்சு தடவி, கறுப்பு மையில் எண் எழுதி, மேலே வார்னிஷும் பூசினேன். அழகாகவே வந்திருந்தது.

விரிவுரையாளர் ஓட்டைப் புரட்டி, உட்புறத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னா சன்னலையும் சேத்து அடிச்சிட்டியளே!”

“உள்ள என்ன இருக்கு? வழுவழுன்னுதான இருந்துச்சு?”

“அங்கனதான் லாடம் மாதிரி ஒரு தழும்பு கிடந்துது. நத்தையோட சதை ஓட்டைப் பிடிச்சிருந்த இடம். வெளிய உள்ள வரி தேஞ்சு போச்சு, அதை வச்சு ஒண்ணுஞ் சொல்ல ஏலாது. தழும்பைப் பாத்துத்தான் பேரு சொல்லணும்.”

சுரண்டிவிடலாமா என்றேன். மாவாக உதிர்ந்துவிடும் என்றார். அனுப்பிய கடிதத்தில், பதிவின்போது பூச்சு ஏற்பட்டது என்று மட்டும் எழுதினார். பூசியவன் யார் என்று எழுதவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் மூன்றையும், முறையான கோப்பு எண்ணோடு, நான்தான் தயாரித்தேன். முதலில் தினமும், “தபால் வந்துச்சா அண்ணாச்சி?” என்பார். கடைசி மாதங்களில் கேட்பதை விட்டுவிட்டார். என் மேசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பதில் வந்தது, ஓடும் திரும்பி வந்தது: ‘தழும்பின் திறந்த முனை பூச்சில் மறைந்துள்ளது. குடும்பம் வரை சொல்லலாம். இனம் சொல்ல இயலாது.’

அதை அவர் வீட்டுக்கு நான் கொண்டுபோகவில்லை. அலுவலகக் கடிதம் வெளியே போகக் கூடாது என்ற விதி அன்று எனக்கு மிக வசதியாக நினைவுக்கு வந்தது. பின்னாளில் நிலவியல் துறையை மூடியபோது கழிவுப் பட்டியலில் சேர்ந்த ஓட்டை, கையெழுத்திட்டு வாங்கிவந்தேன். எண் இன்றும் மங்கவில்லை. நல்ல மை.

அவர் ஓய்வுபெற்றது 2001 மே முப்பத்தொன்று. பதில் வந்து சேர்ந்தது ஜூன் நான்கு.