விளக்குக்காரன் மிக்கியோனின் வயிற்றெரிச்சல்

ஏதென்ஸில், குயவர் தெருவில், என் செருப்புக் கடைக்கு அடுத்த கடை மிக்கியோனுடையது. மண் விளக்கு செய்வான். கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனால் மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே நோய்: எதிர்வீட்டு அகேனோர்.

இருவரும் ஒரே வயது. ஒரே மல்யுத்தக் களத்தில் எண்ணெய் பூசிப் புரண்டவர்கள். அகேனோர் ஒலிம்பியாப் போட்டியில் ஜெயித்து ஆலிவ் இலைக் கிரீடத்தோடு திரும்பினான். அன்றிலிருந்து சாகும்வரை அவனுக்கு நகர மன்றத்தில் இலவசச் சாப்பாடு. தின்று ஏப்பம் விட்டபடி அவன் எங்கள் கடைகளைத் தாண்டும்போது மிக்கியோன் கையிலிருக்கும் ஈரமண் நசுங்கிப்போகும்.

"இன்னிக்கு ஆட்டுக்கறி. மூஞ்சியப் பாரு, எப்படி மினுங்குது" என்பான்.

"உனக்கென்னடா வந்துச்சு? உன் வாயிலிருந்தா புடுங்கித் தின்னான்?" என்பேன் நான்.

"ஊர்ச் சோறுடா அது. நான் பார்லிக் கஞ்சியக் குடிச்சுட்டு அவன் தொப்பைய வளர்க்கணுமா?"

சாப்பாட்டோடு விட்டதா? குன்றின் மேல் சபை கூடினால், அகேனோர் எழுந்ததும் ஊரே வாயை மூடிக்கொள்ளும். ஒருமுறை மிக்கியோன் துறைமுகத்தைப் பற்றிப் பேச மேடையேறினான். "எறங்குடா விளக்கு, எண்ணெ தீந்துபோச்சு" என்று எவனோ கத்த, சபை சிரித்தது. அகேனோரும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் இவனால் செரிக்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், யாரையாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமா என்று சபையில் கேட்டார்கள். வருஷாவருஷம் கேட்பதுதான், பெரும்பாலும் வேண்டாம் என்றே போகும். அந்த வருஷம் வேண்டும் என்று கைகள் உயர்ந்தன. குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லில் பிடிக்காதவன் பெயரைக் கீறிப் போடுவார்கள்; எவன் பெயர் அதிகம் விழுகிறதோ, அவன் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது.

மிக்கியோனுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடைந்த பானைகளைப் பொறுக்கி, அகேனோர் பெயரைக் கீறிக் கீறிக் கூடை கூடையாக நிரப்பினான். எழுதத் தெரியாதவன், சோம்பேறி, எவன் வந்தாலும் கையில் ஒன்று. "விட்டா ராஜாவாயிடுவான்யா. அப்புறம் நம்ம தலையில ஏறி உக்காந்துக்குவான்" என்று ஒவ்வொருவன் காதிலும் ஓதினான்.

அவன் மனைவி பிலின்னா அழாத குறையாக என்னிடம் வந்தாள். "அண்ணே, அடுப்பெரிஞ்சு எத்தன நாளாச்சு. நீங்களாவது அவருக்குச் சொல்லுங்க."

சொன்னேன். என் கையிலும் ஒரு சில்லைத் திணித்தான்.

சந்தைவெளியில் வேலி கட்டி, சில்லுகளை வாங்கி, எண்ணி முடித்தார்கள். அகேனோர்தான். மிக்கியோன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்.

அகேனோர் கிளம்பிய அன்று நகரவாசல்வரை கூட்டம் போனது. அவனுக்கு வீடு தயாராக இருக்கிறதென்று ஆர்கோஸ் நகரத்துக்காரர்கள் வண்டியே அனுப்பியிருந்தார்கள். "உன்னப் பாத்து ஊரே பயந்துடுச்சேப்பா" என்று ஒருவர் அவன் தோளைத் தட்டினார். அகேனோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினான். மிக்கியோன் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் அவன் கடையில் இல்லை. சில்லுகளைக் கொட்டியிருந்த பள்ளத்தில் குந்தி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடுற?"

"மீன்காரன் தெக்சியோஸ் பேருகூட இருக்குடா. அழுகின மீனு வித்தானே, அதுக்காம்." இன்னும் கொஞ்சம் கிளறினான். "என் பேரு ஒண்ணுகூட இல்ல."

"இல்லைன்னா நல்லதுதானடா."

அவன் நிமிர்ந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"இத்தன வருஷம் பக்கத்துக் கடையில உக்காந்திருக்க. நீயாவது என் பேரக் கீறியிருக்கக் கூடாதா?"