துணியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

சோபாவுக்கு உறை மாற்றுவது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மரச்சட்டத்தில் வரிசையாகப் பின் அடிக்க வேண்டும். பதினெட்டு வருடமாகத் தம்பி இழுத்தான், அக்கா அடித்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் 'சோபாக்கா'.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன தம்பி, டீக்கடை பெஞ்சிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், எழவேயில்லை. பதினோராவது நாள் சோபாக்கா கடையைத் திறந்தாள். அதுவரை அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. 'கல்நெஞ்சுக்காரி' என்று உறவினர்கள் காதுபடவே சொன்னார்கள். யாரையோ பற்றிய பேச்சு மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை மட்டும் தேங்கி நின்றது. ஒரு ரெக்சின் துண்டில் 'வேலை கற்றுக்கொள்ள ஆள் தேவை' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.

முதலில் வந்த இளைஞன், "வீட்டிலிருந்தே செய்ற மாதிரி இருக்குமாக்கா?" என்று கேட்டான்.

"சோபாவை உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும். மாடியா, கீழ் வீடா?" என்றாள். சிரிக்காமல் கேட்டதால் அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாட்ச்மேன். நல்ல மனிதர்தான். ஆனால் பேச்சு ஏற ஏறக் கை இறங்கும். கோடு போட்ட துணியில் கோடுகளெல்லாம் சாய்ந்து நின்றன. நான்காம் நாள் அவரே, "இது நமக்கு ஒத்துவராதும்மா" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அதற்கு மறுநாள் தம்பி மனைவி வந்தாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்பார்கள். இவர்கள் சண்டை போடும் அளவுக்குக்கூட நெருங்கியதில்லை.

"ஆள் எடுக்கிறீங்களாமே, அண்ணி."

"ஆமா. தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"நான் வரேன்."

சோபாக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அவன் பங்கு எப்படியும் உனக்கு வந்துடும். அதுக்காக நீ வேலை செய்யணும்னு இல்ல."

"அதுக்கில்ல. வீட்ல சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது என்று சோபாக்காவுக்குத் தெரிந்தது. "கெட்டியான செருப்பாப் போட்டுட்டு வா. தரையெல்லாம் ஆணி கிடக்கும்" என்றாள்.

முதல் இரண்டு வாரம் பழைய உறையைக் கிழித்துப் பின் பிடுங்கும் வேலை. சோபாக்களுக்குள்ளிருந்து சீப்பு, பேனா மூடி, ஒருதரம் பல்செட்டு. பிறகு துணி இழுக்கச் சொன்னாள்.

"இழு. இன்னும். விட்டுடாத."

தம்பியிடம் சொன்ன அதே மூன்று வார்த்தைகள். சொன்னபிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஒரு நாள் பல் டாக்டரின் நாற்காலி ஒன்றுக்கு வெள்ளை உறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி துணியை விட்டுவிட்டாள்.

"விடாதன்னு சொன்னேன்ல."

"அண்ணி, உங்க விரல்ல பின் ஏறியிருக்கு."

சோபாக்கா குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் பின் இறங்கியிருந்தது. அதோடேயே இன்னும் நாலைந்து பின் அடித்திருக்கிறாள். வெள்ளைத் துணியில் சிவப்பு படர்ந்திருந்தது.

தம்பி மனைவி குறடு எடுத்து வந்து பின்னைப் பிடுங்கினாள். விரலைக் கழுவித் துணி சுற்றினாள். "வலிக்கலையா?"

"இல்ல."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. போன வாரம் அடுப்பிலிருந்த குக்கரை வெறுங்கையால இறக்கி வச்சிருக்கேன். கொப்புளம் வந்தப்புறம்தான் பாத்தேன்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு வாரமாக அந்தக் கையைத்தான் சோபாக்கா 'இழு, இழு' என்று வேலை வாங்கியிருக்கிறாள். சோபாக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி வீணாப் போச்சே" என்றாள் தம்பி மனைவி.

"போகட்டும். வேற வெட்டிக்கலாம்."

ஆறு மாதத்தில் தம்பி மனைவி ஒரு நாற்காலியைத் தனியாக முடித்தாள். சோபாக்கா நான்கு மூலையையும் தடவிப் பார்த்தாள். ஒன்றில் மடிப்பு நின்றது.

"இதைப் பிரிச்சு அடி."

தம்பி மனைவி முகம் கோணாமல் பிரிக்க உட்கார்ந்தாள். நாற்காலியை எடுக்க வந்தவர் சோபாக்காவிடம், "உங்க தங்கச்சியா?" என்று கேட்டார்.

"வேலை கத்துக்கிறாங்க. அரைமணி நேரம் உக்காருங்க, முடிஞ்சுடும்" என்றாள்.