ஆண்டர்சன்பேட்டையில் மூன்று ஷிப்ட் சாப்பாடு

ஆம்பூரில் ஒரு ஷட்டர் பட்டறை, அதற்குப் பின்னால் மூன்று மாடி வீடு, மனைவி பேரில் ஒரு தென்னந்தோப்பு, இரண்டு பையன்களுக்கு டிகிரி, வாணியம்பாடியிலிருந்து கோலார் தங்க வயல் வரைக்கும் கடைக்குக் கடை நான் மாட்டிய இரும்பு ஷட்டர்கள். இவ்வளவையும் கட்டியது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். பேங்க்காரர் லோன் இல்லை என்றார். பங்காளி இடம் இல்லை என்றான். ஒரு மழையில் பட்டறைக் கூரையே பறந்தது. கட்டினேன். கடைசியாக, நூற்று நாற்பத்தாறு கிலோ இருந்த என் உடம்பை இடித்து எண்பத்தெட்டு கிலோவில் மறுபடி கட்டினேன். அந்தப் புது உடம்போடு போன முதல் வெளியூர்ப் பயணம் இது. போகாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

போன காரியம் இளைய மகன் செந்திலுக்குப் பெண் பேசி முடிப்பது. செந்திலுக்கு பெங்களூரில் வேலை. நித்யா அதே ஆபீஸ், ஆண்டர்சன்பேட்டைப் பெண், தினமும் ரயிலில் போய் வருகிறவள். அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்தாகிவிட்டது. பெரியவர்கள் சரி சொல்வதுதான் பாக்கி.

தை மாதம், ஞாயிறு காலை 5.40. ஆம்பூர் ஸ்டேஷன். நான், மனைவி சரோஜா, செந்தில். சரோஜா கையில் ஒரு பை. அதில் என் சாப்பாட்டுக் கடை முழுவதும் இருந்தது. வேகவைத்த முட்டை இரண்டு, புரோட்டீன் பவுடர், சின்ன டம்ளர், மாத்திரை டப்பா. பத்து மாதத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு டாக்டர் என் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு. இந்த விஷயம் எங்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஆர்டர் போட்டிருந்தேன். கேட்டவர்களிடம் "நடந்தேன், குறைஞ்சது" என்று சொல்லிவிடுவேன். பந்தயத்தில் நாற்பது இட்லி சாப்பிட்டு ஜெயித்தவன் கத்தி வைத்துக் குறைத்தான் என்று ஊர் பேச விடலாமா?

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு ஆள் இடத்தில் ஒரு ஆளாக. முன்பெல்லாம் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்து போவார்கள். அன்றைக்குப் பூக்கூடைக்கார அம்மா ஒருத்தி கேட்காமலே வந்து உட்கார்ந்தாள். ஜோலார்பேட்டை தாண்டியதும் காலைத் தூக்கிக் கால் மேல் போட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. ஆனால் சதை போன பிறகு பலகை எலும்பில் குத்துகிறது. சால்வையை மடித்துக் கீழே போட்டுக்கொண்டேன். குப்பத்தில் குளிர் ஏறியது. மார்கழியிலும் வியர்த்துக்கொண்டிருந்தவன் இப்போது ஸ்வெட்டருக்குள் நடுங்குகிறேன்.

8.30. பங்காருப்பேட்டை. பிளாட்பாரத்தில் ஒரு முட்டையைக் கால் மணி நேரம் மென்றேன். தண்ணீர் பாட்டிலுக்குக் கை போனதும் சரோஜா தட்டிவிட்டாள். "அரை மணி ஆகட்டும். மணி நான் பாக்கறேன், நீங்க ரயில பாருங்க." சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்து போனால் அந்தச் சின்ன வயிறு தாங்காது.

அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டி, டிக்கெட் பத்து ரூபாய். ஊர்காம் வரும்போது நந்திதுர்க் பக்கம் பழைய தங்கச் சுரங்க ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் தெரிந்தது. நான் இரும்பு வேலைக்காரன். வேலை நின்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நேராக நிற்கிறது. அதைப் பிணைத்த கைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ. எண்பது ரூபாய். என் சட்டையில் இன்னொரு ஆள் புகுந்துகொள்ளலாம். பெல்ட்டில் சரோஜா ஆணி வைத்து ஆறு ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, உங்க அண்ணன் சட்டையா?"

"என் சட்டைதான். நான்தான் புதுசு" என்றேன்.

11.00. ஆண்டர்சன்பேட்டை பஜார். சர்ச் விட்டு வந்த கூட்டம், வெள்ளைச் சேலைகள், ஒரே காய்கறி வண்டியைச் சுற்றி மூன்று பாஷை. கடைக்காரப் பெண்மணி ஒருத்தரிடம் தமிழில் விலை சொல்லி, இன்னொருத்தரிடம் கன்னடத்தில் குறைத்து, மூன்றாவது ஆளிடம் தெலுங்கில் சண்டை போட்டார். எந்தக் காலேஜில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? பஜாரில் நான் போட்ட ஷட்டர் ஏழு. ஒன்றைக்கூட மாற்றவில்லை. கடைக்காரரைக் கேட்டு ஒன்றை இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது.

11.20. பெண் வீடு. சுரங்கக் காலத்து லைன் வீட்டை ஒட்டிப் பின்னால் நீட்டிக் கட்டியது. வாசல் குறுகல். முன்பு இந்த மாதிரி வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைவேன். இப்போது நேராகப் போனேன். பெண்ணின் அப்பா துரைக்கண்ணு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா மைன்ஸில் கேஜில், அதாவது கயிற்றில் இறக்கும் இரும்புக் கூண்டில், பாதாளத்துக்கு இறங்கி வேலை பார்த்தவர். துரைக்கண்ணுவின் மனைவி கமலா. சுத்தமான மனுஷர்கள், மனசும் வீடும். பேச்சு நல்லபடி நடந்தது. ராகுகாலம் 4.30க்கு, அதற்குள் தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

12.15. இலை போட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்மதம் இல்லாத வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சம்மதம். அப்படி உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா இலையில் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்தால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் சொன்னதாக அர்த்தம். பத்து மாதமாக வீட்டிலேயே சாப்பிட்ட எனக்கு இது உறைக்கவே இல்லை. பாருங்கள், என் புத்தியை.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெருமையில் இருந்தபோதே கமலா குவித்துவிட்டார். பச்சை மொச்சையைத் தோல் பிதுக்கிப் போட்ட பிதுக்கம்பருப்புக் குழம்பு, பொரியல், கூட்டு, இரண்டு வடை. அந்தக் குழம்பின் வாசனையை எழுத எனக்குப் படிப்பு போதாது. ஆறாவது வாயில் நெஞ்சு அடைத்தது, மூக்கு ஒழுகியது. இனி ஒரு வாய் போனால் வெளியே வந்துவிடும் என்பதற்கு அடையாளம். கையை எடுத்தேன். நித்யா பாயசம் கொண்டுவந்தாள். இனிப்பு போனால் எனக்குப் படபடவென்று வியர்த்துக் கொட்டும். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

துரைக்கண்ணு மனைவியிடம் கன்னடத்துக்குத் தாவினார். "இஷ்ட இல்லா அன்ஸுத்தெ."

பிடிக்கலை போல என்கிறார். கமலா, "இல்லா, ஏனோ காயிலெ இரபேகு. முகா நோடி" என்றார். ஏதோ வியாதி, மூஞ்சியைப் பாரு. இந்த ஊரில் ஏழு ஷட்டர் போட்டவனுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

துரைக்கண்ணு நேராகவே கேட்டார். "சார், வாய் நிறைய சம்மந்தின்னு கூப்பிடலாம்னு இருந்தேன். மனசு இல்லன்னா இன்னாத்துக்கு இலையில உக்காந்தீங்க?"

செந்தில் முகம் செத்துப்போனது. நித்யா கரண்டியோடு அப்படியே நின்றாள். சரோஜா வாயைத் திறந்தாள். நான் போட்ட ஆர்டர் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். என் மானம் ஒரு பக்கம், பையன் வாழ்க்கை ஒரு பக்கம். எழுந்தேன். ஷட்டரைத் தூக்குகிற மாதிரி சட்டையையும் பனியனையும் சேர்த்து மேலே தூக்கினேன்.

"பாருங்க. அஞ்சு ஓட்டை. வயித்த வெட்டி எடுத்தாச்சு. வியாதி இல்ல, குண்டுக்கு ஆபரேஷன். என்னால இவ்ளோதான் சாப்பிட முடியும். நடந்து குறைச்சேன்னு ஊரெல்லாம் சொன்னது பொய்."

காற்று இறங்கின லாரி டியூப் மாதிரி தோல் மடிந்து தொங்கியது. டாக்டருக்கும் சரோஜாவுக்கும் தவிர யாருக்கும் அதைக் காட்டியதில்லை.

முதலில் கமலாதான் பேசினார். "அய்யே, இத முன்னாடியே சொன்னா இன்னாண்ணா? மலை மாதிரி கொட்டினேனே நான்! யாரும் இலைய மடிக்காதீங்க. எங்க மாமனாரு மைன்ஸ்ல மூணு ஷிப்டும் பாத்தவரு. அண்ணனும் ஷிப்ட் போட்டுச் சாப்பிடட்டும். இது ஃபர்ஸ்ட் ஷிப்ட்." இன்னொரு இலையை எடுத்து என் இலைமேல் கவிழ்த்தார். துரைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

1.00. அவரும் நானும் சயனைட் மேட்டுப் பக்கம் நடந்தோம். பொன்னை எடுத்துவிட்டு அரைத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி வந்த மலை அது. சரிவில் நான் முன்னால் ஏறினேன். துரைக்கண்ணு தொப்பையோடு பின்னால் மூச்சு வாங்கினார். "பழைய உடம்போட நீங்க கேஜ்ல ஏறியிருந்தா கயிறே அறுந்திருக்கும் சார்" என்று கிண்டல் செய்தவர், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வலிக்குமா?"

மறைக்காமல் சொன்னேன். வலி ஒரு வாரம். அதற்கப்புறம்தான் வேலையே. நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மோதிரம் கழன்று விழுந்தது, நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். பிரியாணிக் கடையைத் தாண்டும்போது அழுதிருக்கிறேன். ஆம்பூரில் எத்தனை பிரியாணிக் கடை என்று உங்களுக்குத் தெரியும். வயிறு சின்னதாகிவிட்டது, மனசு இன்னும் பழைய வயிற்றையே வைத்திருக்கிறது. ஆனால் என் கால் விரலை நானே பார்க்கிறேன், செருப்பை நானே மாட்டுகிறேன். துரைக்கண்ணு தொப்பையை எக்கிக்கொண்டு தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

2.15. செகண்ட் ஷிப்ட். ஏழு வாய். கூட்டு முடிந்தது, சோறு பாதி.

4.00. கடைசி ஷிப்ட். ராகுகாலத்துக்கு அரை மணி. வீடே சுற்றி நின்றது. "மெதுவா மாமா, நல்லா மெல்லுங்க" என்றாள் நித்யா. "மெதுவா இன்னா மெதுவா, மணிய பாரு" என்றார் அவள் அப்பா. வடையில் ஒன்றை டாக்டர் பேரைச் சொல்லி செந்திலிடம் தள்ளினேன், மற்றதைப் பொடி செய்து மென்றேன். 4.18க்கு இலை காலி. என் பக்கமாக மடித்தேன். 4.23க்குத் தட்டு மாற்றினோம். "சம்மந்தி" என்று துரைக்கண்ணு கூப்பிட்டது தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

6.00. திரும்புகிற ரயில். எங்கள் ஊரில் ஆளை எடை போட்டுப் பார்ப்பார்கள். இந்த ஊரில் நேராகக் கேட்கிறார்கள், பதில் சொன்னால் உடனே வழி கண்டுபிடிக்கிறார்கள். வண்டியில் சரோஜா பெரிய மகனுக்குப் போன் போட்டாள். கமலாவின் ஷிப்ட் யோசனை எப்படி என்று ஐந்து நிமிஷம். செந்தில் வாங்கி, நித்யா எவ்வளவு தைரியமாக நின்றாள் என்று பத்து நிமிஷம். டாக்டருக்கும் ஒரு வார்த்தை நன்றி. நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாருக்கும் அவரவர் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சம்பந்திமார் வீடு நிறைய ஆட்கள் இருக்க, அறுபத்தாறு வயதில் சட்டையைத் தூக்கிக் காட்டியது யார்? மூன்று ஷிப்டும் உட்கார்ந்து மென்றது யார்? கல்யாண மண்டபத்தில் இந்தக் கதையை மைக்கில் சொல்லத்தான் போகிறார்கள். அப்போது மாப்பிள்ளையின் அப்பா என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. ஆம்பூர் ஷட்டர் ஆறுமுகம் என்று பேரைச் சொல்லிச் சொல்ல வேண்டும்.