இடது கைக்குக் கிடைத்த டிரம்

முன்னறையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டது. அடுத்த நொடியே அது 'தட தட தட' என்று மாறியது.

சமையலறையில் தேனடையின் மெழுகு மூடியைச் சீவிக்கொண்டிருந்த ஊசி, கத்தியை அப்படியே நிறுத்தினாள். பதினெட்டு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், நூறு தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்த காது அது. எந்த மெஷின் எதற்காக முரண்டு பிடிக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடும். ஒல்லியான உடம்பும் கூரான பேச்சுமாக இருந்ததால் அங்கே அவளுக்கு வைத்த பெயர்தான் ஊசி. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை.

"நிறுத்துங்க! ஒரு பக்கம் பாரம் கூடிருச்சு, நிறுத்துங்க!"

கத்திக்கொண்டே ஓடினாள். அவள் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் 'சதக்' என்று ஒரு சத்தம். எல்லாம் முடிந்துவிட்டது.

தேன் எடுக்கிற பளபளப்பான எவர்சில்வர் டிரம்மின் பக்கத்தில் அவள் கணவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பால் கேனும் தண்ணீர் மோட்டாரும் விற்கிற கடைக்காரர் அவசரமாகச் சுவிட்சை அணைத்தார். டிரம்முக்குள் ஒரு பக்கம் வெறும் மரச்சட்டம் மட்டும் தொங்கியது. அதில் தேனீக்கள் கட்டியிருந்த வெள்ளை அடை கிழிந்து, தேனோடு தேனாக அடியில் கிடந்தது. இந்த வருடம் புதிதாகக் கட்டிய இளம் அடை.

"நீ சீவி வச்சதுல ஒண்ணு எடுத்தேன். எதிர்ப்பக்கத்துக்கு அந்தக் கறுப்பு அடையைப் போட்டேன். உனக்கு ஓட்டிக் காட்டலாம்னு..." என்று இழுத்தான் அவன்.

"அது பழைய அடைங்க, தேனே இல்லாதது. ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் நோஞ்சான். ஆடாம என்ன பண்ணும்? அதுல எடுத்த எடுப்புலேயே முழு வேகம்! பஸ்ஸை எடுக்கும்போது நேரா நாலாவது கியரா போடுவீங்க?"

ஊஞ்சலில் இருந்த நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். "அண்ணே, டிரைவர் உத்தியோகத்துக்கே அண்ணி வேட்டு வச்சுட்டாங்க."

ஊசி சிரிக்கவில்லை. கிழிந்த அடையை இரண்டு கையாலும் அள்ளினாள். கண் நிறைந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு ஒரு பொத்தான் தைக்கக்கூட அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. வீட்டோடு முடங்கியவள், மொட்டைமாடியில் இரண்டு தேனீப் பெட்டிகளை வைத்தாள். இன்று எட்டு பெட்டி. ஆனால் ஒவ்வொரு முறையும் அடையைத் துணியில் போட்டுப் பிழிந்துதான் தேன் எடுத்தாள். தேன் வரும், அடை நாசமாகும். அந்தப் பூச்சிகள் முதலிலிருந்து வீடு கட்டும். தையல் பிரிந்த துணியை மறுபடி மறுபடி தைக்கிற பெண்களைப் பார்த்தவளுக்கு அந்தப் பாவம் பொறுக்கவில்லை. அடை உடையாமல் தேனை மட்டும் சுழற்றி எடுக்கிற டிரம் வேண்டும் என்று ஒரு வருடமாக ஆசைப்பட்டாள். இன்றுதான் கடைக்காரர் இரண்டை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். ஒன்று மோட்டார் வைத்தது. இன்னொன்று கையால் சுற்றுவது.

"பழகிட்டா மோட்டார்தான் சார் சௌகரியம்," என்றார் கடைக்காரர். வந்ததிலிருந்து அவர் பேசியதெல்லாம் சாரிடம்தான்.

"மோட்டாரே இருக்கட்டும்," என்றான் கணவன். "அந்தக் கையை வச்சுக்கிட்டு இவ சுத்தவா முடியும்? ராத்திரி வலியில இவ பல்லைக் கடிக்கிறது எனக்குத்தான் தெரியும்."

அன்புதான். ஆனால் அந்த அன்பு இரண்டு வருடமாக அவளை நோயாளி நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, கதவைத் தள்ளாதே, இப்போது இதையும் தொடாதே.

"நாலு புது அடை இருக்கு," என்றாள் ஊசி நிதானமாக. "கை மெஷின்ல நானே போட்டுச் சுத்துறேன். ஒண்ணு உடைஞ்சாலும் சரி, வலிக்குதுன்னு நான் வாயைத் திறந்தாலும் சரி, மோட்டாரையே வாங்கிக்கலாம். அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

"நீங்க பேசாம இருக்கிறதா? அதுக்காகவே மோட்டார் ஜெயிக்கணும் அண்ணி," என்றாள் நாத்தனார். ஆனால் எழுந்து போய் முதல் ஆளாகச் சட்டங்களை எடுத்து வந்தவளும் அவள்தான்.

ஊசி முதலில் டிரம்முக்குள் கைவிட்டு, பற்றவைத்த இடங்களைத் தடவிப் பார்த்தாள். பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று நகத்தால் தட்டினாள். குழாய்க்குக் கீழே வாளி நிற்கிறதா என்று வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். நாலு அடையையும் கையில் ஏந்தி எடை பார்த்து, கனத்துக்குக் கனம் எதிரெதிராகச் செருகினாள். பிறகு கைப்பிடி இடப்பக்கம் வரும்படி டிரம்மைத் திருப்பிவைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இடது கை. மெதுவாக ஒரு சுற்று. இன்னொன்று. மழைத்தூறல் மாதிரி டிரம்மின் சுவரில் தேன் தெறித்தது. சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே? வலிக்குதா?" கணவன் பதறினான்.

"வலி இல்லீங்க. வெளிப்பக்கம் பாதிதான் எடுக்கணும். முழுசா எடுத்தா, உள்பக்கத் தேனோட பாரம் அடையைக் கிழிச்சிரும்." அடைகளைத் திருப்பிச் செருகினாள். இந்தப் பக்கம் முழுதாக. மறுபடி திருப்பி, மிச்சம் இருந்த பாதி. இப்போதுதான் வேகம் கூட்டினாள். காது டிரம்மோடு ஒட்டியிருந்தது. 'தட தட' இல்லை. ஒரே சீரான ஓட்டம். அவள் கட்டளைக்குப் பணிந்த மெஷினின் சத்தம். இரண்டு வருடமாக அவள் காது ஏங்கிய சத்தம்!

நெற்றி வியர்த்தது. வலது கை மடியில் கிடந்து அந்த ஓட்டத்துக்குத் தாளம் போட்டது.

சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். வெள்ளை வெளேரென்று, ஓர் அறைகூட நசுங்காமல், தேன் மட்டும் போயிருந்தது. நாளைக்கே பெட்டியில் திருப்பி வைக்கலாம். அந்தப் பூச்சிகள் இனி முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

"அண்ணி..." நாத்தனாருக்குக் கேலி வரவில்லை.

கணவன் மூக்கை உறிஞ்சினான். "தூசி," என்றான், யாரும் கேட்காமலே.

கடைக்காரர் வாரண்டி அட்டையை எடுத்து, பழக்கத்தில் அவனிடமே கேட்டார். "சார், யார் பேரு?"

"அவங்க பேருதான். மெஷின் அவங்களுது," என்றான் கணவன்.

"தொழில்?"

வேலை போன நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் அவள் ஒரு கோடுதான் இழுத்து வந்தாள்.

"கொடுங்க, நானே எழுதுறேன்." பேனாவை இடது கையில் வாங்கினாள். கோணல் மாணலாக, ஆனால் அழுத்தமாக எழுதினாள்: தேனீ வளர்ப்பவர்.

கணவனும் கடைக்காரருமாக மோட்டார் டிரம்மைத் தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினார்கள். கடைக்காரர் மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்தார். "மேடம், அந்தப் பாதி எடுத்துத் திருப்பிப் போடுற விஷயத்தை மத்த இடத்துல நான் சொல்லிக்கலாமா?"

"தாராளமா சொல்லுங்க. யார் சொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். கணவன் கதவைச் சாத்தக் கை நீட்டினான். ஊசி அவனைத் தோளால் நகர்த்திவிட்டு, தகடு வைத்த அதே வலது கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.