காசிமாயனுக்குப் போட்ட கோட்டு

நெருப்பெரிச்சல் ஊரில் பிளக்ஸ் வைக்காத சாவு கிடையாது. ஆனால் காசிமாயனுக்கு வைத்த பிளக்ஸைப் பார்த்து அவர் மனைவி முத்துப்பேச்சியே, "இது யாருண்ணே, பேங்க் மேனேஜரா?" என்று கேட்டாள்.

கேட்டது பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்துவிடம். படத்துக்குக் கோட்டும் டையும் போடச் சொன்னவர் அவர்தான்.

காசிமாயன் உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்து, நாச்சிமுத்துவின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். யாருக்கு ரத்தம் தேவையென்றாலும், ஷிப்டில் இருந்தாலும் சரி, பந்தியில் இருந்தாலும் சரி, நாலு பேரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஒருமுறை மாப்பிள்ளையையே மாலையோடு கூட்டிப் போனாராம். ஓடும்போதெல்லாம் உடம்பில் அதே ரோஸ் பனியன். நின்றுபோன ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியதை நாச்சிமுத்துதான் கொடுத்திருந்தார். நெஞ்சில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. ஆறு மாதம் கழித்துத் தன் மகள் வினிதா படித்துச் சொன்ன பிறகே, அதற்கு 'மணப்பெண்ணின் தோழி' என்று அர்த்தம் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ரோஸ் நிறம் தெருமுனையில் தெரிந்தாலே மாஸ்டர் குனிந்து செருப்பைப் பார்ப்பார். வேறு நாலு பனியன் கொடுத்தும் பார்த்தார். காசிமாயன் அவற்றை யாருக்கோ தானம் பண்ணிவிட்டார்.

அந்த மானக்கேடு பிளக்ஸிலும் ஏற வேண்டாம் என்றுதான் கோட்டு. அன்று ஞாயிறு, அந்தப் பிளக்ஸின் கீழே காசிமாயன் பெயரில் ரத்ததான முகாம். பன்னிரண்டு மணிக்குள் இருபத்தைந்து பேர் சேராவிட்டால் வண்டி கிளம்பிவிடும் என்று ரத்த வங்கியில் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு வந்திருந்தது மூன்று பேர். அதிலும் ஒருவர் ஜூஸுக்காக வந்தவர். மற்றவர்கள் பிளக்ஸை அண்ணாந்து பார்த்து, யாரோ பெரிய இடத்து ஆள் என்று டீக்கடைக்கு நடையைக் கட்டினார்கள்.

படத்தை மாற்றலாமென்றால், பிளக்ஸ் அடித்த ஸ்டுடியோ பூட்டியிருந்தது. நாச்சிமுத்து ஸ்டூல் போட்டு ஏறி, படத்திலிருந்த கோட்டை டேப்பால் அளந்தார். தோளுக்குத் தோள் நாற்பத்திரண்டு அங்குலம். முத்துப்பேச்சியிடம் அந்தப் பழைய பனியனை வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடி, ரோஸ் துணியை விரித்து, கழுத்து வளைவு பிசகாமல் முன்பாகத்தை வெட்டினார். அந்த அவசரத்திலும் ஓரம் பிரியக் கூடாதென்று ஓவர்லாக் அடித்தார். பிறகு மார்க்கரை எடுத்து, தெரியாத இங்கிலீஷை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் சாண் உயரத்துக்கு வரைந்தார்.

கோட்டின்மேல் அதைக் கட்டிய பத்தாவது நிமிடம் ஓர் ஆட்டோ நின்றது. "ஏனுங்க, நம்ம ரோஸ் பனியன்காரரா?" என்று ஓட்டுநர் கையை மடித்துவிட்டுக்கொண்டே இறங்கினார். காசி பாய், காசி பாய் என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டு, கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடியா பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். பதினொன்றரைக்கு வரிசை டீக்கடையைத் தாண்டிப் போனது. ஜூஸ் தீர்ந்து மோர் வந்தது.

நாச்சிமுத்துவும் போய்க் கட்டிலில் படுத்தார். மோர் ஊற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியைப் பார்த்ததும் மனசு பொறுக்கவில்லை. "அம்மணி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. அதுல கல்யாணப் பொண்ணோட தோழின்னு எழுதியிருக்குதுங்க."

"தெரியும்ணே," என்றாள் அவள். "குடுத்த அன்னைக்கே எங்க பையன் முனீஸ் படிச்சுச் சொல்லிட்டான். அவருதேன், கழட்டுனா மாஸ்டர் மனசு சங்கடப்படும்டின்னாரு. அம்புட்டுத்தேன், கழட்டவே இல்ல."

நாச்சிமுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நர்ஸ் பதறிப்போய், இன்னும் ஊசியே போடவில்லையே என்றாள்.