ஒப்ஷனல் என்றால் உன் இஷ்டம்

தேயிலைத் தோட்டத்து மிட்வைஃப் வேலையில் பிரசவம் பார்ப்பது பாதி, பெரியவர்கள் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்லித் திட்டு வாங்குவது மீதி. இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசி மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். தொண்ணூறுகளில், இலங்கை மலைநாட்டு லிந்துலைப் பக்கம், என் உயிரை வாங்கியது ஒரே ஒரு சொல்.

பெரட்டுக் களத்தில்

கிளினிக் நடக்கும் தேதியை அறிவிக்க, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போயிருந்தேன். புதுத் துரை, "சண்டே வேர்க் ஒப்ஷனல்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இஷ்டமிருந்தால் வரலாம் என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா தமிழில் சொன்னார்.

கொழுந்தெடுக்கும் லெச்சுமி அந்த ஞாயிறு வரவில்லை. இரண்டும் ஆம்பளைப் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். இது, இல்லாவிட்டால் நாலாவதாவது பொட்டப் புள்ளையாக வேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்துகொள்ளப் போய்விட்டாள். திங்கட்கிழமை, வராதவர்களை எல்லாம் செங்குத்தான மேல் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவள் என்னிடம் கேட்டாள்: "இஷ்டம்னாங்களே அம்மா, யாரு இஷ்டம்னு சொல்லலையே?"

கிளினிக்கில்

டொக்டர் சிங்களவர், தங்கமான மனுசன். இந்தப் பிரசவத்தோடு கருத்தடை செய்துகொள்வது பற்றி லெச்சுமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் இங்கிலீஷில் பேசி, "இட் இஸ் ஒப்ஷனல்" என்று முடித்தார். அந்தக் கடைசிச் சொல் லெச்சுமிக்கு 'ஒப்பரேஷன்' என்று கேட்டுவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்!

அவள் குடியிருக்கும் லயத்துக்கே போனேன். கதவைத் திறக்கமாட்டேன் என்றாள். "அடி பைத்தியமே, ஒப்ஷனல்னா உன் இஷ்டம்டி. உன்னக் கேக்காம ஒருத்தரும் கைவைக்க முடியாது" என்று வெளியே நின்று கத்தினேன். கதவு மெல்லத் திறந்தது. அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "நல்ல சொல்லா இருக்கேம்மா, பத்திரமா வச்சுக்கிறேன்."

டவுன் ஆஸ்பத்திரியில்

வலி முன்கூட்டியே வந்து, லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அன்று வேறொரு பிரசவத்தில் இருந்தேன். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்ததால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வயிற்றைத் திறக்கும்போதே கருத்தடை ஒப்பரேஷனும் செய்துவிடவா என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டாளாம். வலியில் கிடந்த லெச்சுமிக்குப் புரிந்தது 'ஒப்பரேஷன்' மட்டும்தான். பத்திரமாக வைத்திருந்த சொல்லை எடுத்தாள். "ஒப்ஷனல், ஒப்ஷனல்" என்று கத்தினாள். நர்ஸின் காதிலும் அது ஒப்பரேஷன் என்றுதான் விழுந்தது. சரி என்கிறாள் என்று செய்துவிட்டார்கள்.

பிறந்தது மூன்றாவது ஆம்பளைப் பிள்ளை. மறுநாள் போய் நின்றேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க குடுத்த சொல்லத்தாம்மா சொன்னேன், நான் சரியாச் சொல்லலையா?"

அன்றிலிருந்து என்னிடம் வரும் தாய்மாருக்கு இங்கிலீஷ் சொல் எதுவும் கொடுப்பதில்லை. வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் 'எப்பா' என்று மட்டும் கத்தச் சொல்கிறேன், அதையாவது யாரும் வேறு மாதிரிக் கேட்க மாட்டார்கள்.